கதை எழுதியாயிற்று, எங்கே அனுப்புவது?

புதிதாக எழுத வருகிறவர்களிடம் இரண்டு நம்பிக்கைகள் உலவுகின்றன. கதை நன்றாக இருந்தால் எங்கே அனுப்பினாலும் வந்துவிடும் என்பது ஒன்று. ஆசிரியரைத் தெரிந்திருந்தால்தான் எதுவும் வரும் என்பது மற்றொன்று. ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினாலும் இரண்டும் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன: இதழைப் படிக்காமலே இதழைப் பற்றி முடிவு கட்டுகின்றன. தமிழில் இலக்கிய இதழ் என்பது தொடக்கத்திலிருந்தே ஒருவரோ நாலைந்து பேரோ தங்கள் ரசனைக்காகவும், அந்த ரசனைக்காக மற்றவர்களோடு போடும் சண்டைக்காகவும் கைப்பணத்தைப் போட்டு நடத்திவந்தது. 1933-இல் தொடங்கிய ‘மணிக்கொடி’ பி.எஸ். ராமையா கைக்கு வந்ததும் சிறுகதைக்கான இதழாக மாறியது. மாற்றியது அவருடைய ரசனை. சி.சு. செல்லப்பா 1959 முதல் 1970 வரை நடத்திய ‘எழுத்து’ விமர்சனத்துக்கும் புதுக்கவிதைக்கும் களமானது; அதுவும் ஒரு மனிதரின் பிடிவாதம். ஆகவே, ஒரு படைப்பு அச்சேறுவதற்கு அது நன்றாக இருந்தால் மட்டும் போதாது. எந்தப் பேச்சு ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறதோ அந்தப் பேச்சில் அது ஒரு புதிய வாக்கியமாக இருக்க வேண்டும். இந்தக் கட்டுரை சொல்லும் படிகள் எல்லாம் இந்த ஒரு கருத்திலிருந்து கிளைப்பவைதான்.

முதல் படி: இதழை வாசகராகப் படியுங்கள்

அனுப்ப நினைக்கும் இதழின் கடைசி ஆறு இதழ்களையாவது தேடிப் படியுங்கள். படிக்கும்போது ஒரு தாளில் சிலவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓர் இதழில் எத்தனை சிறுகதைகள் வருகின்றன? அவை எவ்வளவு நீளம்? வட்டார வழக்கில் எழுதிய கதைகள் வருகின்றனவா, பொதுநடைக் கதைகளே அதிகமா? யதார்த்தக் கதைகளுக்கு நடுவே மாயத்தன்மை கொண்ட ஒன்றாவது வந்திருக்கிறதா? முன்பின் தெரியாத பெயர்கள் எத்தனை? கட்டுரைகள் எதைப் பற்றிக் கவலைப்படுகின்றன? கட்டுரைப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். இதழின் மனம் கதைகளைவிடத் தலையங்கத்திலும் மதிப்புரையிலும் வாசகர் கடிதத்திலும்தான் திறந்து கிடக்கும். ‘செம்மலர்’, ‘தாமரை’ போன்ற இடதுசாரி இயக்க மரபில் வந்த இதழ்கள் கதையில் தேடுவதும், ‘காலச்சுவடு’, ‘உயிர்மை’, ‘உயிர் எழுத்து’ போன்றவை தேடுவதும் ஒன்றாக இருக்காது. 1965-இல் டெல்லியில் கி. கஸ்தூரிரங்கன் தொடங்கிய ‘கணையாழி’க்குத் தனி மரபு உண்டு. ‘சொல்வனம்’, ‘கனலி’, ‘அகழ்’ முதலிய இணைய இதழ்களிடமும் மலேசியாவின் ‘வல்லினம்’, இலங்கையின் ‘ஞானம்’, ‘ஜீவநதி’ ஆகியவற்றிடமும் வேறு வேறு வாசகர்கள் இருக்கிறார்கள். இணைய இதழ்களின் பழைய இதழ்களைக் காசில்லாமல் படிக்கலாம் என்பதால் படிக்காததற்குச் சாக்கும் இல்லை. சிற்றிதழ்கள் நிற்பதும் மீண்டும் தொடங்குவதும் தமிழில் சகஜம். அதனால் அண்மை இதழைக் கண்ணால் பார்த்த பிறகே முகவரியை நம்புங்கள். பல இதழ்களைத் தொடர்ந்து வாங்க முடியாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. 1970-இல் தொடங்கிய ‘இலக்கியச் சிந்தனை’ அமைப்பு மாதந்தோறும் இதழ்களில் வந்த கதைகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஆண்டுத் தொகுப்பாகவும் கொண்டுவந்தது. பழைய தொகுப்புகள் நூலகங்களில் கிடைக்கும். எந்தக் காலத்தில் எந்த இதழ் எத்தகைய கதைக்கு இடம் கொடுத்தது என்பதை அவை ஒரே மூச்சில் காட்டிவிடும்.

‘அப்படியானால் இதழுக்குத் தகுந்தபடி கதையை வளைக்கச் சொல்கிறீர்களா, அது சமரசமில்லையா?’ என்று கேட்கலாம். எழுதுவதும் அனுப்புவதும் இரண்டு வேலைகள். எழுதும்போது எந்த ஆசிரியரும் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கக் கூடாது. அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பிலேயே கதை விறைத்துப்போகும். எழுதி முடித்த பிறகுதான் ‘இது எந்த வீட்டுக்குப் போக வேண்டிய பிள்ளை?’ என்ற கேள்வி வருகிறது. வளைக்க வேண்டியது தேர்வை, கதையை அல்ல. சுந்தர ராமசாமி சிறுகதைக்காரராக அறியப்பட்டிருந்த நேரத்தில், ‘பசுவய்யா’ என்ற பெயரில் தம் முதல் கவிதையை 1959-இல் வெளியிட்டது ‘எழுத்து’வில். அந்தக் கவிதைக்கு ஏற்ற இடம் அன்று அதுதான். அதே கவிதை பெரும் விற்பனை கொண்ட வார இதழ் ஒன்றுக்குப் போயிருந்தால், அது கவிதையா என்ற கேள்வியோடு நின்றிருக்கக்கூடும். கவிதை மாறவில்லை, படிக்கிறவரின் காது மாறுகிறது. அந்தக் காதைத் தேடிப்பிடிப்பது எழுத்தாளரின் பொறுப்பு.

இரண்டாம் படி: கதையை ஆறப்போட்டுத் திருத்துங்கள்

முடித்த அன்றே அனுப்பும் கதையில் எழுத்தாளரின் பரவசமும் சேர்ந்தே போகிறது. ஆசிரியரின் கண்ணில் அது படாது. குறைந்தது இரண்டு வாரம் ஆறவிட்டு, பிறகு வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடம் பெரும்பாலும் வாக்கியம் கெட்ட இடம். முதல் பத்தியை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். கதை அப்படியே நின்றால் அந்தப் பத்தி உங்களுக்காக எழுதியது, வாசகருக்காக எழுதியதில்லை. கடைசிப் பத்திக்கும் இதே சோதனை பொருந்தும். கதை சொன்னதை நீதியாக மறுபடி சொல்லும் முடிவுதான் புதியவர்களின் கதைகளில் அடிக்கடி தட்டுப்படும் குறை. பிறகு எழுத்துப்பிழை. ண, ன, ந, ர, ற, ல, ள, ழ ஆகியவற்றில் ஒரு பக்கத்துக்கு ஐந்து பிழை இருந்தால் ஆசிரியர் கதையைப் படிப்பதை விட்டு மெய்ப்புப் பார்க்கத் தொடங்கிவிடுவார். ஒற்று மிகும் இடம், மிகா இடம் பற்றி அறிஞர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. அங்கே இதழ் கைக்கொள்ளும் வழக்கம் முடிவு செய்யட்டும். ஆனால் ஒரே கதைக்குள் ஒரே சொல்லை இரண்டு விதமாக எழுதக் கூடாது. வட்டார வழக்குக்கு இது இன்னும் அவசியம். முதல் பக்கத்தில் ‘வந்துட்டு’ என்று பேசிய பாத்திரம் மூன்றாம் பக்கத்தில் ‘வந்துருச்சு’ என்றால், அதன் ஊரே மாறிவிடுகிறது. நெல்லைக்காரர் மதுரைக்காரராகிவிட்டதை எழுதியவர் கவனிக்காமல் போகலாம். நாஞ்சில் நாட்டிலோ கரிசலிலோ பிறந்த ஆசிரியருக்கு அது முதல் வாசிப்பிலேயே உறுத்தும்.

மூன்றாம் படி: நீளத்தை இதழின் பக்கத்தோடு பொருத்துங்கள்

அச்சிதழில் பக்கம் என்பது பணம். தாள் விலை, அச்சுக்கூலி, அஞ்சல் செலவு எல்லாம் பக்கத்தைப் பொறுத்தே ஏறும். கட்டுரை, மதிப்புரை, நேர்காணல், கவிதை எல்லாம் போக, ஒரு மாத இதழில் சிறுகதைக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று இடங்களே மிஞ்சும். அறியப்படாத ஒருவரின் 6000 சொல் கதையை எடுத்துக்கொள்வதென்றால் ஆசிரியர் இன்னொருவரின் கதையை எடுத்து வைக்க வேண்டியிருக்கும். அதனால் முதல் கதைகள் 1500 முதல் 2500 சொல்லுக்குள் இருந்தால் வாய்ப்பு கூடும். நீண்ட கதைக்கு இணைய இதழ்கள் இடம் தருகின்றன. அங்கே பக்கத்துக்குத் தட்டுப்பாடில்லை, ஆசிரியரின் நேரத்துக்குத்தான் தட்டுப்பாடு. சிற்றிதழ் ஆசிரியர் பெரும்பாலும் பகலில் வேறொரு வேலை பார்ப்பவர். யாழ்ப்பாணத்தில் 1966-இல் ‘மல்லிகை’யைத் தொடங்கிய டொமினிக் ஜீவா முடிதிருத்தகத்தில் உழைத்தபடியே இலக்கியத்துக்கு வந்தவர். இரவில் கண் எரியப் படிக்கும் இப்படிப்பட்ட ஒருவரின் மேசைக்குத்தான் உங்கள் கதை போகிறது என்று நினைத்துக்கொண்டால், எதை வெட்ட வேண்டும் என்பது தானாகவே தெரியவரும். கவிதைக்கு வேறு கணக்கு. ஒன்றை மட்டும் அனுப்பினால் ஆசிரியர் உங்கள் குரலை அறிய வழியில்லை. இருபது அனுப்பினால் தேர்ந்தெடுக்கும் வேலையை அவர் தலையில் கட்டுகிறீர்கள். ஒன்றோடொன்று பேசும் நான்கைந்து கவிதைகளைச் சேர்த்து அனுப்புவது நடுவழி.

நான்காம் படி: படியைச் சுத்தமாகத் தயாரியுங்கள்

இன்று ஏறக்குறைய எல்லா இதழ்களும் மின்னஞ்சலில் படைப்புகளை வாங்குகின்றன. யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத குறிகளாகத் திறக்கும். அதைப் பிரித்துப் படிக்கும் பொறுமையை யாரிடமும் எதிர்பார்க்க முடியாது. திருத்தக்கூடிய வேர்டு கோப்பாக அனுப்புங்கள். பிடிஎஃப், கைபேசியில் எடுத்த படம் ஆகியவற்றிலிருந்து பக்கம் கட்ட முடியாது. கவிதை மட்டும் விதிவிலக்கு: வரி உடையும் இடம் கோப்பு திறக்கும்போது மாறிவிடக்கூடும் என்பதால், வேர்டு கோப்போடு ஒரு பிடிஎஃப் படியையும் சேர்த்துவிடுங்கள். வண்ண எழுத்து, பூ வேலை, வரிசையாக மூன்று ஆச்சரியக்குறி எதுவும் வேண்டாம். மின்னஞ்சலின் பொருள் வரியில் ‘சிறுகதை’, தலைப்பு, உங்கள் பெயர் மூன்றும் இருந்தால் மூன்று மாதம் கழித்தும் ஆசிரியரால் தேடி எடுக்க முடியும். கோப்புக்கும் அதே பெயரை வையுங்கள். ‘கதை புதுசு கடைசி 2’ என்ற பெயரில் வரும் கோப்பு பத்து கோப்புகளுக்கு நடுவே காணாமல் போகும். கதையின் முடிவில் உங்கள் இயற்பெயர், புனைபெயர் இருந்தால் அது, அலைபேசி எண், இதழ்ப் பிரதி அனுப்புவதற்கான அஞ்சல் முகவரி ஆகியவை வேண்டும். கையெழுத்துப் படியை அஞ்சலில் வாங்கும் இதழ்களும் இன்னும் இருக்கின்றன. அவற்றுக்குத் தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதி, ஒரு நகலை உங்களிடம் வைத்துக்கொண்டு அனுப்புங்கள். திரும்பி வரும் என்று எண்ண வேண்டாம்.

உடன் போகும் கடிதம் ஐந்து வரியைத் தாண்டக் கூடாது. படைப்பின் பெயர், இது வேறெங்கும் வெளிவராதது, வேறெங்கும் பரிசீலனையில் இல்லாதது என்ற உறுதி, உங்களைப் பற்றி இரண்டு வரி, நன்றி. அவ்வளவு போதும். கதையின் கருத்தை விளக்காதீர்கள். விளக்கம் தேவைப்படும் கதை இன்னும் முடியவில்லை. பெற்ற பட்டங்களின் பட்டியலும் ‘இதை வெளியிட்டால் சமூகம் பயன்பெறும்’ என்ற பரிந்துரையும் எதிர்விளைவையே தரும். ஏற்கெனவே எதுவும் வெளிவரவில்லை என்றால் அதை மறைக்கவும் வேண்டாம். ஒரு புதிய பெயரைத் தாம்தான் முதலில் வெளியிட்டோம் என்பது சிற்றிதழ் ஆசிரியருக்குப் பெருமைதான். அந்த இதழில் வந்த ஏதேனும் ஒரு கதையோ கட்டுரையோ உங்களை உண்மையாகவே பாதித்திருந்தால் அதை ஒரு வரியில் சொல்லலாம். பாதிக்காததைப் பாராட்டினால் அது உடனே தெரிந்துவிடும்.

ஐந்தாம் படி: ஒன்றை ஓரிடத்துக்கு அனுப்பிக் காத்திருங்கள்

ஒரே கதையை ஒரே நேரத்தில் நான்கு இதழ்களுக்கு அனுப்புவதைத் தமிழ் இதழ் உலகம் ஏற்பதில்லை. இரண்டு இதழ்களில் ஒரே மாதம் ஒரே கதை வந்துவிட்டால் இரண்டு கதவும் மூடிக்கொள்ளும். அனுப்பிய கதையை முகநூலில் போடுவதும் பெரும்பாலான ஆசிரியர்களுக்குப் பிரசுரத்துக்குச் சமம்தான். ஒரு குறிப்பேட்டில் தலைப்பு, இதழ், அனுப்பிய நாள், பதில் என்று நான்கு பத்தி போட்டு எழுதிவாருங்கள். மூன்று மாதம் கழித்து ஒரு வரியில் பணிவாக நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால், படைப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதிவிட்டு அடுத்த இதழுக்கு அனுப்பலாம். நள்ளிரவில் அலைபேசியில் அழைப்பதும், முகநூலில் ஆசிரியரின் எல்லாப் பதிவுகளிலும் போய்க் கதையைப் பற்றி விசாரிப்பதும் கூடாது. காத்திருக்கும் மாதங்களில் அடுத்த கதையை எழுதுங்கள். ஒரே ஒரு கதையை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருப்பவருக்கு மறுப்பு இடியாக இறங்கும். ஐந்து கதைகள் ஐந்து இடங்களில் இருப்பவருக்கு அது குறிப்பேட்டில் ஒரு வரி.

‘முகம் தெரிந்தவர்களுக்குத்தான் இடம், எல்லாம் குழு’ என்ற குற்றச்சாட்டைப் பொய் என்று தள்ள முடியாது. ரசனையால் கூடியவர்கள் குழுவாகத்தான் இருப்பார்கள். ஒரே ஆளை மாதாமாதம் போடும் இதழ்களும் உண்டு. ஆனால் அதிலிருந்து புதியவருக்கு வழியில்லை என்ற முடிவுக்கு வருவது வரலாற்றோடு பொருந்தவில்லை. ‘எழுத்து’ சென்னையிலிருந்து வந்தது. திருகோணமலையில் இருந்த இருபது வயதைச் சுற்றிய இளைஞர் தருமு சிவராமு (பின்னாளில் கவிஞர் பிரமிள் என்று அறியப்பட்டவர்) அதற்கு எழுதத் தொடங்கியபோது அவரைப் பரிந்துரைக்கச் சென்னையில் பெரிய மனிதர் யாருமில்லை. வடநாட்டில் அரசு வேலையில் இருந்த விமர்சகர் வெங்கட் சாமிநாதனும் அஞ்சல் வழியாகத்தான் அந்த இதழுக்குள் வந்தார். 1962-இல் செல்லப்பா தொகுத்த ‘புதுக்குரல்கள்’ நூலில் 24 கவிஞர்கள் இடம்பெற்றார்கள். பெயருக்கேற்ப அவர்களில் பலர் அன்று புதிய குரல்கள். அவர்களை உள்ளே கொண்டுவந்தது அந்த இதழை ஆழ்ந்து படித்து, அதற்குப் பதில் சொல்வதுபோல எழுதியது. ரசனையால் கூடிய குழுவுக்குள் நுழைய ரசனையே வழி. அறிமுகம் ஒரு கதையைச் சீக்கிரம் படிக்க வைக்கலாம். இரண்டாவது கதையைப் போட வைக்காது.

ஆறாம் படி: பக்கவாசலையும் தட்டுங்கள்

எல்லா இதழ்களிலும் கவிதைகள் குவிந்து கிடக்கும். நல்ல மதிப்புரைக்குத்தான் பஞ்சம். கவனம் பெறாத ஒரு சிறுகதைத் தொகுப்பைப் படித்து, எங்கே அது வெல்கிறது, எங்கே தோற்கிறது என்று 800 சொல்லில் நேர்மையாக எழுதுகிறவரை ஆசிரியர் மறக்க மாட்டார். உங்கள் வாக்கியம் எப்படிப்பட்டது என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும். மொழிபெயர்ப்பும் இதே போல. மலையாளமோ கன்னடமோ சிங்களமோ தெரிந்தவருக்கு இது பெரும் வாய்ப்பு. ஆனால் மூல ஆசிரியரிடமோ உரிமையாளரிடமோ எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் வாழும் காலமும் இறந்த பின் 60 ஆண்டுகளும் பதிப்புரிமை நீடிக்கிறது. வாசகர் கடிதத்தையும் அற்பமாக நினைக்காதீர்கள். போன இதழ்க் கதையைக் கூர்மையாக அலசும் கடிதம், அந்த இதழின் பேச்சுக்குள் நீங்கள் வந்துவிட்டதற்கான முதல் அடையாளம்.

ஏழாம் படி: ஏற்பையும் மறுப்பையும் கையாளுங்கள்

தமிழில் மறுப்பு பெரும்பாலும் மௌனமாக வரும். காரணத்தோடு மறுப்புக் கடிதம் வந்தால் அதைப் பாதி ஏற்பாகக் கொள்ளலாம். ஆசிரியர் உங்கள் கதைக்குக் கால்மணி நேரம் கொடுத்திருக்கிறார். ஒரே குறையை இரண்டு இதழ்கள் சொன்னால் திருத்துங்கள். ஒன்றுக்கொன்று முரணாகச் சொன்னால் உங்கள் மனத்தைக் கேளுங்கள். ஏற்றுக்கொண்டு, ‘இந்தப் பகுதியைச் சுருக்கலாமா?’ என்று கேட்டால் முதலில் சுருக்கிப் படித்துப் பாருங்கள். கதையின் உயிரைத் தொடும் மாற்றமென்றால் மரியாதையாக மறுத்துக் கதையைத் திரும்பப் பெறலாம், அதில் தவறில்லை. சன்மானம் பற்றிப் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். சில இதழ்கள் சிறு தொகை தருகின்றன. பல இதழ்களால் தர முடிவது பிரதி மட்டும். பணம் தராத இதழுக்கு ஏன் எழுத வேண்டும் என்ற கேள்வி நியாயமானதுதான். கிடைப்பது திருத்தும் கண்ணும், தேர்ந்த சில நூறு வாசகர்களும், நாளைய தொகுப்புக்கு ஓர் அடித்தளமும். இவை வேண்டாம் என்பவர் எழுதாமலிருப்பதும் சரியான முடிவே.

உரிமை விஷயத்தில் விழிப்பு தேவை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, இதழின் ஊழியராக இல்லாமல் வெளியிலிருந்து எழுதுகிறவரின் கதைக்கு முதல் உரிமையாளர் அவரே. எழுத்தில் கையொப்பமிட்டு உரிமையை மாற்றித் தந்தால்தான் அது கைமாறும். அப்படித் தரும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்கிறது. எனவே எதிலும் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். தொகுப்பாக வரும்போது முதலில் வெளியிட்ட இதழுக்கு நன்றி சொல்வது மரபு. ‘உங்கள் கவிதை எங்கள் தொகுப்பில் வரவேண்டுமானால் இவ்வளவு பணம் கட்டுங்கள்’ என்பவர்களிடமிருந்து விலகி நில்லுங்கள். அங்கே தேர்வு என்று ஒன்று நடக்கவில்லை. பணம் கட்டிய எல்லாருமே வருகிறார்கள். சந்தா அப்படிப்பட்டதல்ல. அது வாசகர் தருவது, பிரசுரத்துக்கான கட்டணம் ஆகாது.

‘முகநூலில் போட்டால் ஐந்து நிமிடத்தில் ஐந்நூறு பேர் படிக்கிறார்கள், இத்தனை பாடு எதற்கு?’ என்ற கேள்விக்கு இன்று பலரிடம் பதில் இல்லை. வாசகரை அடைவதுதான் நோக்கமென்றால் முகநூல் போதும், அங்கே நல்ல எழுத்தும் வருகிறது. ஆனால் விருப்பக்குறி இடுபவர் உங்கள் மூன்றாம் பத்தி தேவையில்லை என்று சொல்ல மாட்டார். நண்பரென்பதால் சொல்லத் தயங்குவார். உங்களுக்கு எந்தக் கடனும் படாத ஒருவர், தம் பணத்தையும் பக்கத்தையும் செலவிட்டு ‘இது இருக்கட்டும்’ என்று சொல்வதுதான் இதழ்ப் பிரசுரத்தின் பொருள். அந்தத் தீர்ப்பு சில சமயம் தவறாகலாம். தவறாகக்கூடிய தீர்ப்பாவது ஒன்று இருப்பது, தீர்ப்பே இல்லாமலிருப்பதைவிட எழுதுகிறவருக்கு நல்லது.

ஆகவே இந்த மாதம் வந்த இலக்கிய இதழ் ஒன்றை விலை கொடுத்து வாங்குங்கள். தலையங்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படியுங்கள். பிறகு உங்கள் கதையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அனுப்பலாமா, திருத்த வேண்டுமா, வேறு இதழைத் தேட வேண்டுமா என்பது அப்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.